உன் பேரில் இருக்கும் ஒரு அடி நிலம்

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் என் வாய் சும்மா இருக்காது. நீ "சாப்ட்டியாம்மா" என்று கேட்டு முடிப்பதற்குள், "பெங்களூருத் தண்ணியில முடியெல்லாம் கொட்டிப் போச்சாட்ட இருக்குது, கல்யாணத்துக்குள்ள டோப்பா ஒண்ணு சொல்லி வெக்கட்டுமா சாமி" என்று ஆரம்பித்துவிடுவேன். நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், போனை வைத்துவிடுவோம். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். இப்படி எத்தனையோ தடவை ஆகிவிட்டது. அதனால்தான் காகிதம் எடுத்தேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுத்து, கோழி கிளறின குப்பை மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த மட்டுக்கும் நல்லது. பெங்களூர் பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்பும்போது கவரை ஒட்ட வேண்டாம் என்று உங்கப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நான் செய்தது பட்டப்பகலில், வீதியில், நாலு பேர் சிரிக்கிற மாதிரி செய்த காரியம். அதைச் சொல்லும்போது மட்டும் மூடி ஒட்டி அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். பூசை முடிகிற நேரத்தில் பாதர் காகிதத்தை எடுத்து, இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள், இவர்களுக்குள் ஏதாவது தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று வாசித்தார். எத்தனை பேர் கல்யாணத்துக்கு இந்த ஓலையைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடித்து, "ஏனுங்க, மாப்பிள்ளை கொறட்டை விடுவானாமா, அதெல்லாம் தடையில சேருமுங்களா" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்துத் திட்டு வாங்கிக் கொடுத்தவள்தான் நான். அன்றைக்கு என் உதடு அசையவில்லை. இரண்டு பெஞ்சுக்கு முன்னால் ஸ்டெல்லா அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பாதர் அந்த வரியை வாசித்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தடை என்னவென்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. நம் வீதியின் கிழக்கு முனையில் நிற்கிறதே சுவர், நீ கரித்துண்டால் ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் விளையாடினாயே, அதுதான்.

நீ நடை பழகின காலத்தில் இங்கே வீதி என்று ஒன்று கிடையாது. எங்கப்பா, உன் அப்புச்சி, எனக்கு எழுதி வைத்த காடு இது. காட்டுக்கு நடுவில் கிழக்கும் மேற்குமாக ஒரு இட்டேரி ஓடியது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி போகிற தடம். மழை பெய்தால் முழங்கால் சேறு, வெயில் அடித்தால் பாம்பு, அதைப் பற்றிப் பெருமை பேச ஒன்றும் இல்லை. ஆனால் மெயின் ரோட்டில் இருந்து அதில் இறங்கினால் நம் காடு, பக்கத்துக் காடு, அதற்கடுத்த காடு என்று தாண்டி அந்தப் பக்கத்து ஊருக்கே போய்ச் சேரலாம். நீ யார், எந்தப் பக்கத்து ஆள் என்று அது யாரையும் கேட்டதில்லை. அப்புறம் நெருப்பெரிச்சல் பக்கம் நிட்டிங் மெஷின் சத்தம் வந்தது, பின்னாலேயே பனியன் கம்பெனி வந்தது, ஆள் வந்தது, காட்டுக்கு விலை வந்தது. ஆளாளுக்குக் காட்டை அழித்து சைட் போட்டோம். கல் நட்டுக் கொடி கட்டி, அவரவர் காட்டுக்குள் அவரவர் இஷ்டத்துக்கு வீதி விட்டோம். பக்கத்துக் காட்டில் வீதி எங்கே வருகிறது என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

உங்கப்பா கட்டிங் மாஸ்டர் இல்லையா, அவருக்கு எல்லாமே துணிதான். அப்பவே சொன்னார். "முன்பக்கத்தை ஒருத்தன் வெட்டறான், முதுகை ஒருத்தன் வெட்டறான், கை வேற ஒருத்தன். ஒருத்தனும் அடுத்தவன்கிட்ட அளவு கேக்க மாட்டேங்கறான். சேத்துத் தெச்சா பனியன் வருமா, சாக்குப்பை வருமா?" நான் விடுவேனா. "சாக்குப்பைக்கும் இப்ப நல்ல வெலைங்க மாமா, பேசாம இருங்க" என்றேன். சாக்குப்பைதான் வந்தது. நல்லூரில் போய்ப் பார், அருள்புரத்தில் போய்ப் பார், எங்கும் இதே கோலம்தான். சீப்பு மாதிரி எல்லா வீதியும் மெயின் ரோட்டில் ஆரம்பிக்கும், உள்ளே போகும், அப்படியே நின்றுவிடும். ஒரு பல்லில் இருக்கிறவன் அடுத்த பல்லுக்குப் போக வேண்டும் என்றால் மறுபடி அடிக்கு வந்துதான் போக வேண்டும். அதனால்தான் பால் பாக்கெட் வாங்கப் போகிறவளும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னரும் ஒரே ரோட்டில் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஊர் பெரிதாகிவிட்டது என்கிறார்கள். பக்கத்து வீடு தூரமாகிவிட்டது என்று நான் சொல்வேன்.

அதில் சைட் போடுகிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு வேலை உண்டு. வீதியை எல்லை வரைக்கும் கொண்டுபோக மாட்டோம். ஒரு அடி முன்னாலேயே நிறுத்திவிடுவோம். வீதி பஞ்சாயத்துக்குப் போய்விடும், அந்த ஒரு அடி மட்டும் நம் பேரிலேயே நிற்கும். பக்கத்துக் காட்டுக்காரன் நாளைக்கு சைட் போட்டு அவன் வீதியை நம் வீதியோடு சேர்க்க வேண்டும் என்றால், அந்த ஒரு அடியைத் தாண்டித்தானே வர வேண்டும்? வந்து கேட்கட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்கிற யோசனை. பத்திரம் எழுதுகிறவர், "பையன் பேருல போட்டு வையுங்கக்கா, மைனர் சொத்துன்னா எவனும் சட்டுனு கை வெக்க முடியாது" என்றார். போட்டேன். நீ அப்போது டவுசர்கூட இல்லாமல் திரிந்துகொண்டிருந்தாய். ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தால், "எம் மகன் பெரிய பண்ணையக்காரனுங்க, ஒரு அடி நெலம் வெச்சிருக்கான், பொண்ணு இருந்தாச் சொல்லி வையுங்க" என்று சொல்லிச் சிரிப்பேன். உன் காதிலும் விழுந்திருக்கும், அம்மா வழக்கம்போல ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பாய். அது நிஜம் கண்ணு. உன் பேரில் ஒரு அடி நிலம் இருக்கிறது. அதன் மேல்தான் அந்தச் சுவர் நிற்கிறது.

நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கின சமயத்தில் கிழக்குக் காட்டையும் ஒருத்தர் வாங்கி, சின்னச் சின்ன சைட்டாகவும் லைன் வீடாகவும் போட்டார். எதிர்பார்த்த மாதிரியே நம்மிடம் வந்து வழி கேட்டார். நான் இறங்கிவரவில்லை. அவரும் விற்றுவிட்டுப் போய்விட்டார். விற்கிறவனுக்கு எதற்குத் தடம்? குடியிருக்க வந்தவர்களுக்குத்தான் வேண்டும். அவர்கள் எல்லாம் தெற்கே இருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஜனம். வெறும் பேரம் மட்டும்தான் என்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. "லைன் ஊட்டு ஜனம் நம்ம வீதியில நடந்துட்டுத் திரிஞ்சா, மீதி சைட்டை எவன் வாங்குவான்?" என்று வாய்விட்டுச் சொன்னேன். உங்கப்பா, "ஒரு ஆள் போற சந்தாவது விடலாம்" என்றார். "அப்பறம் ஆடு வரும், மாடு வரும், ஆட்டோ வரும்" என்று சொல்லி ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினேன். அந்த ஜனத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்காருவேன். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றதும் அவர்களைப் பார்த்துக் கை கூப்புவேன். வீட்டுக்கு வந்து இதைச் சொல்வேன்.

நம் வீதி முக்கில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். சுற்றி வந்தால் தூரம், அதனால் சுவர் ஏறிக் குதித்தார்கள். பையைத் தூக்கி முதலில் எறிவார்கள், அப்புறம் ஆள். ஒருநாள் சைட் பார்க்க வந்த ஒரு குடும்பம் காரை விட்டு இறங்கி நிற்கிறது, மேலே இருந்து பிள்ளைகள் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள். "இதென்னங்க, அந்தப் பக்கத்துக்காரங்க எல்லாம் இப்படித்தான் வருவாங்களா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒயின்ஷாப்பில் காலி பாட்டில் வாங்கி உடைத்து, சுவர் மேல் சிமெண்டு போட்டு, கூரான பக்கம் மேலே இருக்கிற மாதிரி குத்தி வைக்கச் சொன்னேன். ஏணிக்குக் கீழே நான் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னேன்: "நல்லா நெருக்கமா வையுங்க மேஸ்திரி. இனி எவளாச்சும் ஏறுனா, செலவில்லாம மருதாணி வெச்சு அனுப்பிரலாம்." கொத்தனார் சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிள்ளைகள்தான். சிரிக்க ஆள் இருந்தால் எனக்குச் சொல்லவா வேண்டும்? அதையே இன்னும் ரெண்டு தடவை, ராகம் போட்டுச் சொன்னேன்.

இனி ஸ்டெல்லா வீட்டுக்கு நாம் பெண் பார்க்கப் போன நாளைச் சொல்கிறேன். நீயும்தான் இருந்தாய், ஆனால் ஹாலில் முறுக்குத் தட்டுக்குக் காவல் இருந்தாய். சமையல் கட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அவள் வீடு அந்தப் பக்கம் என்றுதான் எனக்குத் தெரியும், இத்தனை பக்கத்தில் என்று தெரியாது. கார் மெயின் ரோடு ஏறி, சுற்றிச் சுற்றிப் போனபோது உங்கப்பா, "விட்டாக் கோயமுத்தூரே வந்துரும்போல" என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அவ்வளவு சுற்றி இறங்கி, அவர்கள் சமையல் கட்டு ஜன்னலில் பார்த்தால் எதிரே நம் வீட்டு மொட்டை மாடி. கொடியில் உங்கப்பா லுங்கி ஆடுகிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏனுங்க மதினி, அங்க காயறது எங்கூட்டு லுங்கிங்க" என்றேன். ஸ்டெல்லாவின் அம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமலே, "தெரியும் மதினி, தெனமும் பாக்கேன்லா. பச்சைக் கட்டம் போட்டதுக்கு ஓரம் பிரிஞ்சு தொங்குது, ஒரு தையலப் போடுங்க" என்றார்கள். இத்தனை வருஷமாக நம் துணியைப் பார்த்துக்கொண்டு ஒரு குடும்பம் அங்கே இருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் கிழக்கே பார்த்ததில்லை.

ஸ்டெல்லா எனக்குக் காபி கொடுத்தாள். டம்ளரைப் பிடித்திருந்த கையில் சுண்டு விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. எனக்குத்தான் கண்ணில் பட்டதை வாய் விடாதே. "ஏன் கண்ணு, வெரலைத் தூக்கீட்டுக் காபி குடுக்கறே, பெரிய எடத்துப் பொண்ணாட்ட?" என்றேன். "மடங்காதுங்க அத்தை" என்று கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கையில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. "சின்னதுல செவுத்துக் கண்ணாடி கிழிச்சுருச்சுங்க." அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "அதுக்கென்ன, கல்யாணத்துக்கு மருதாணி அப்பிவிட்டாத் தழும்பே தெரியாது" என்றேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். "மருதாணிங்களா? அது எனக்கு அப்பவே வெச்சுட்டாங்கங்க" என்றாள். நான் குடித்து முடிக்கும் வரை நின்று, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். கார் திரும்பி வரும் வழியெல்லாம் நீ, "என்னம்மா, பொண்ணு புடிக்கலியா, பேசவே மாட்டேங்கறே" என்று கேட்டாய். வெயில் என்று சொன்னேன்.

அதற்கப்புறம் ஜவுளி எடுத்தோம், பத்திரிகை அடித்தோம், மேல் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். நீ பெங்களூரு வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து, அவளோடு நம் மாடியில் குடியிருக்கப் போகிறாய் என்று எல்லாரிடமும் சொன்னேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஓலை வாசித்த அன்றைக்கு அவள் திரும்பிப் பார்த்தாள் பார், அப்போதுதான் இது போகாது என்று தெரிந்தது.

பூசை முடிந்து வந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். சுடச்சுடப் போசியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே கிளம்பினேன். அவர்கள் நடக்கிற தடத்தில் நான் ஒரு நாளும் நடந்ததில்லை. நம் வீதியைத் தாண்டும் வரை நிழல். மெயின் ரோட்டில் ஏறினால் கால் வைக்க ஓரமே இல்லை. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் லாரி. ஷிப்மென்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று எதுவும் கிடையாதே, கம்பெனி வாசலில் கன்டெய்னர் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் கையில் ஒரு சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனாள். என்னைப் பார்த்து, "இந்தப் பக்கமா வாங்கக்கா, அது பின்னால எடுத்தா ஆள் நிக்கறதே டிரைவருக்குத் தெரியாது" என்றாள். "தெனமும் இப்படியேதான் வர்றீங்களா கண்ணு?" என்று கேட்டேன். "பின்ன? குறுக்க ஒரு செவுரு நிக்குதுங்களே. அதுலயும் எவளோ ஒருத்தி கண்ணாடி வேற குத்தி வெச்சிருக்கறா." சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அந்த எவளோ ஒருத்தி நான்தான், அவள் பின்னாலேயே தாண்டினேன்.

"என்ன மதினி, வேர்த்துக் கொட்டுது, நடந்தா வந்திய?" என்று ஸ்டெல்லாவின் அம்மா போசியை வாங்கித் திறந்தார்கள். சோறு ஆறி, கட்டி கட்டியாக நின்றது. அரிசிம்பருப்பு ஆறினால் தொண்டையில் இறங்காது. அவர்கள் எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்தார்கள். ஸ்டெல்லா வீட்டுக்குப் பின்னால் சந்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அங்கே போய் நின்றேன். அவள் தலைக்குப் பின்னால் நம் சுவர். நம் பக்கம் பூசி, வருஷா வருஷம் வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். அவர்கள் பக்கம் பூசவே இல்லை, கல் கல்லாகப் பாசி பிடித்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நீ அடிக்கிற பந்து அந்தப் பக்கம் விழுந்தால் சும்மா நிற்பாய். கொஞ்ச நேரத்தில் பந்து தானாகத் திரும்பி வந்து விழும். யார் எடுத்துப் போடுகிறார்கள் என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

"கண்ணு, அந்தக் கண்ணாடியை வெச்சது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள், துணியை முறுக்கிக்கொண்டே.

"மருதாணின்னு சொன்னதும்..."

"அதுவும் தெரியுமுங்க. இங்கதான் நின்னுட்டிருந்தோம். நானும்தான் சிரிச்சேன். நல்லாத்தானுங்க சொன்னீங்க, ராகமெல்லாம் போட்டு. அடுத்த வாரம் பரீட்சை. நேரமாயிருச்சுன்னு சாக்கை மேல போட்டு ஏறினோம். சாக்கு நழுவிருச்சு."

"எம் மகனுக்குத் தெரியுமா?"

"இல்லீங்க. அவரு அந்த ஊட்டுப் பையன்னு மொதல்ல எனக்கே தெரியாது. தெரிஞ்சப்பறம் ரொம்ப யோசிச்சேன். கண்ணாடி வெச்சது அவரில்லையேன்னு சரீன்னு சொன்னேன்." துணியைக் கொடியில் உதறிப் போட்டாள். "ஆனா நான் சொல்ல மாட்டேனுங்க. நான் சொன்னா, வர்றதுக்கு முன்னாலயே மாமியாரைப் பத்திக் கோள் சொன்னவன்னு ஆயிரும். நீங்க சொல்லோணும். மூணாவது ஓலைக்குள்ள சொல்லிருங்க. அவரு தெரிஞ்சே தாலி கட்டட்டும். இதை வயித்துக்குள்ள வெச்சுட்டு உங்க ஊட்டு மாடியில என்னால குடியிருக்க முடியாதுங்க. அப்படி ஒரு கல்யாணம் வேண்டாம்."

அடுத்த துணியை எடுத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "எங்கம்மாளுக்கு முழங்கால் வலி. உங்க மாடியில இருந்து நான் கூப்பிட்டா எங்கம்மாளுக்குக் கேக்கும். ஆனா வந்து பாக்கோணும்னா ஆட்டோ புடிச்சு, அந்த லாரிக்குள்ள பூந்து வரோணும். அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க." இவ்வளவு பேசினாளே, ஒரு தடவைகூட என்னை அத்தை என்று கூப்பிடவில்லை. கேலி பண்ணியே எல்லாரையும் மடக்கிவிட்டேன் என்று இறுமாந்து கிடந்தவளை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே அடித்துவிட்டாள்.

மறுநாள் உங்கப்பாவை ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டு நானே சுத்தியலோடு ஏறினேன். அவர் உள்ளே போய், கட்டிங் டேபிளில் போட்டுக்கொள்வாரே இரும்பு வளையம் கோத்த கையுறை, அதைக் கொண்டுவந்து, "இதை மாட்டிக்க" என்று என் கையில் மாட்டிவிட்டார். கண்ணாடியை எல்லாம் தட்டிப் பெயர்த்து எடுத்துவிட்டேன். என் கையில் ஒரு கீறல் விழவில்லை. ஏணியை விட்டு இறங்கி அந்த உறையைக் கழற்றும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எனக்கு உறை மாட்டிவிட ஒரு ஆள் இருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு ஒரு சாக்குதான் இருந்தது.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் கார் நிற்பது அந்தச் சுவர் நிழலில்தான். "என்னங்கக்கா, செவுத்தை ஒடைக்கறீங்களா?" என்றார். தடம் விடலாம் என்று இருக்கிறேன் என்றேன். "முட்டு வீதி, வெளியாள் வர மாட்டான்னு சொல்லித்தானுங்க எங்களுக்கு வித்தீங்க. இப்பத் தொறந்துவிட்டா அந்தப் பக்கத்து ஜனமெல்லாம் நம்ம வாசல்லதான் நடக்கும். ஆட்டோ வரும், டெம்போ வரும்." நான் அன்றைக்குப் பேசின பேச்சை அவர் இன்றைக்கு என்னிடமே திருப்பிப் பேசினார். ஆடு, மாடு மட்டும்தான் விட்டுப் போயிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்தப் பேச்சைச் சொல்லித்தானே விற்றேன். "எடம் உங்க மகன் பேருல இருக்குது. அவரு கையெழுத்து இல்லாம ஒரு கல்லை எடுத்தீங்கன்னாலும் நான் சும்மா இருக்க மாட்டேனுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால் கண்ணாடியோடு நிறுத்திவிட்டேன். சுவர் அப்படியே நிற்கிறது.

உன்னிடம் நான் கேட்பது இதுதான் சாமி. அந்த ஒரு அடியை வீதிக்கென்று தானமாக எழுதிக் கொடுத்துவிடு. வீதியில் இருக்கிறவர்களிடம் நீ பேசு, நான் பேசினால் மறுபடி கேலியில் போய் முடியும். டெம்போ வேண்டாம் என்றால் நடுவில் ஒரு கல் நட்டு, ஆளும் சைக்கிளும் மட்டும் போகிற மாதிரி விடலாம். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றால் அதையும் நீ அவளிடமே போய்ச் சொல். எப்படியானாலும், முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஒரு தடவை நம் வாசலில் இருந்து அவள் வாசலுக்கு நடந்து போ. கார் வேண்டாம், பைக் வேண்டாம். கையில் சூடாக ஏதாவது எடுத்துக்கொண்டு போ.

கல்யாணம் ஆகப் போகிற பையனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். வீடு கட்டினாலும், தொழில் ஆரம்பித்தாலும், உன் எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கும்போது அந்தப் பக்கம் யார் நடந்து வருகிறார்கள் என்றும் எட்டிப் பார். அப்புறம், நீயும் என்னை மாதிரி வாயாடிதான். கேலி பண்ணு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிரில் நிற்கிறவன் சிரிக்கிறானா என்று மட்டும் பார்க்காதே. சிரித்துவிட்டு அடுத்த வாரம் கை கிழித்துக்கொள்கிறவள் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கலாம்.

இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. மூன்றாவது ஓலைக்கு நானும் கோயிலில் இருப்பேன், ஸ்டெல்லா எனக்கு முன்னால் இருப்பாள். பாதர் தடை இருக்கிறதா என்று வாசிப்பார். அதற்குள் நீ வந்து, நடந்து பார்த்து, அவளிடம் பேசியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இல்லையென்றால் எழுந்து நின்றுவிடுவேன். "இருக்குதுங்க பாதர். எங்க வீதி கெழக்கு முனையில நிக்குது. கட்டுனவ நான்தான். பூசை முடிஞ்சு எல்லாரும் என்கூட நடந்து வந்தீங்கன்னாக் காட்டறேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுவேன். ஜனம் சிரிக்கும், அந்த அம்மா எப்பவும் இப்படித்தான் என்று. நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் போன் பண்ணு. உங்கப்பாவை வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வா.

உன் அம்மா